ஒட்டுப் போட்ட மூச்சு

என் செத்தவீட்டுக் கதையை நான் உயிரோடு கிடந்தே கேட்டிருக்கிறேன். கண்ணைத் திறக்க முடியாது, நாக்கை அசைக்க முடியாது, காது மட்டும் திறந்தபடி. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று இரண்டு பேர் என்னைப் புகழ்ந்தார்கள். அதில் ஒருவர் ஆள்மாறிப் புகழ்ந்தார். நான் ஒருபோதும் வைத்திராத தென்னந்தோட்டத்தை நான் கோயிலுக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். மறுக்க வாயில்லாமல் அந்தப் புண்ணியத்தையும் ஏற்றுக்கொண்டேன்.

சுகமாகி வந்த பிறகு பலரும் கேட்டார்கள், "பாம்பு கடிச்சால் எப்பிடி மாஸ்டர் இருக்கும்?" என்று. பகிடியாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்தே கேட்டார்கள். பகிடியாகவே சொல்லியும் வந்தேன், ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டு. இப்போது அந்த இடத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் உப தபால் அதிபர், ஊருக்குப் போஸ்ட்மாஸ்டர். பளையில் இருந்த தபால் கந்தோர் இடம்பெயர்ந்தபோது முத்திரைப் பெட்டியோடு நானும் இடம்பெயர்ந்து, முள்ளியவளைக்குப் பக்கத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலில் மனைவி சரோவுடன் இருந்தேன். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வர இரண்டு மாதம் எடுக்கும் காலம். சுகம் விசாரித்து எழுதிய கடிதம், சுகமில்லாமல் போனவர் செத்து, முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியையும் முடிந்த பிறகு வந்து சேரும். ஆகையால் தபால் அதிபருக்கு நேரம் மிச்சம். அந்த நேரத்தில் பத்திரிகைக்குப் பகிடிக் கட்டுரைகள் எழுதினேன். கடதாசி இல்லாத காலங்களில் ஊராரைப் போலப் பேசிக் காட்டினேன். சங்கக்கடை மனேச்சர் மூக்கால் கதைப்பார். அவரைப் போல நான் கதைத்தால், அவருடைய மனைவியே ஏமாந்து "வாறன்" என்று பதில் சொல்லுவா.

இந்தக் கலைதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

மாரிகாலம். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். கடித்தது எட்டடி விரியன். அதன் பல் அவ்வளவு சிறிது, கடிபட்டவனுக்குக் கடித்ததே தெரியாது. விடியக் காலையில் வயிற்றைப் பிசைந்தது. முதல்நாள் தின்ற மரவள்ளிக் கிழங்கின் மேல் பழியைப் போட்டேன். சரோ கொத்தமல்லி அவித்துத் தந்தா. அதை விழுங்கப் போனால் மூக்கால் திரும்பி வந்தது. இமைகள் தாமாகக் கீழே விழுந்தன.

"சரோ, என்னாலை விழுங்கேலாமல் கிடக்கு" என்றேன். சொன்னது நான், வந்தது மனேச்சரின் குரல்.

பக்கத்துக் கொட்டிலில் கைதட்டினார்கள். "மாஸ்டர் விடியவே தொடங்கிட்டார்!"

"சத்தியமா ஏலாதடி" என்றேன். இன்னும் அச்சொட்டாக மனேச்சர். சிரிப்பு இரண்டு கொட்டில் தாண்டிப் போனது.

"இஞ்சாருங்கோ, காலமை வெள்ளன உந்தக் கூத்து வேண்டாம்" என்று சரோ சினந்தா. பிறகு என் கடைவாயால் வீணீர் வடிவதைக் கண்டிருக்க வேண்டும். கோப்பை விழுந்த சத்தம் கேட்டது. "ஐயோ, இவர் பகிடி விடேல்லை!" என்று அவ கத்தியதுதான் எனக்குக் கிடைத்த முதல் நோய்நிர்ணயம்.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டு ஓடி வந்தவர் சரோவின் தமையன், என் மச்சான் சிவகுரு. பளையில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே நின்ற வேலியை யார் ஒரு முழம் தள்ளிப் போட்டது என்ற வழக்கில் பதினொரு வருடமாக நாங்கள் இருவரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. வேலியும் இல்லை, வளவுக்கும் போக முடியாது. ஆனாலும் கோபத்தை மட்டும் இருவரும் பத்திரமாக மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தோம். அவர் என்னைத் தூக்கி அதன் பின்பெட்டியில் போட்டார். ஒரு சொல் சொல்லவில்லை. எட்டடி நடப்பதற்குள் சாவு என்பதால்தான் அந்தப் பாம்புக்கு அந்தப் பெயர் என்பார்கள். நான் குண்டும் குழியுமாக எட்டு மைல் போனேன்.

ஆஸ்பத்திரி ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இடம்பெயர்ந்து இருந்தது. இமைகளை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் கடைசியாகக் கண்டது சுவரில் ஒரு கரும்பலகை. அதில் யாரோ பாதியில் விட்ட வகுத்தல் கணக்கு.

டொக்டர் என் இரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஆடாமல் வைத்தார். இருபது நிமிடத்தில் அது உறையாவிட்டால் புடையன் பாம்புக் கடி. இரத்தத்தைக் கெடுக்கும் விஷம். என்னுடையது நல்ல பிள்ளையாக உறைந்தது. "அப்ப இது விரியன்" என்றார். மூளை தசைக்கு அனுப்பும் செய்தியை இந்த விஷம் நரம்பின் நுனியில் மறித்துவிடும். எனக்கு விளங்கச் சிரமமில்லை. எழுதிய கடிதம் எழுதியபடி இருக்கும், போய்ச் சேராது. வன்னித் தபால்.

மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியில் இருந்த விஷமுறிப்பு மருந்தை ஏற்றினார்கள். ஏற்கனவே நரம்பில் பிடித்துவிட்ட விஷத்தை அது கழற்றாது. அது தானாகவே நாட்கணக்கில் இறங்க வேண்டும். அதுவரை மூச்சுவிடும் தசைகளும் வேலைநிறுத்தம். ஆகவே வாய் வழியாகச் சுவாசக் குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கி, அதன் முனையில் றப்பர் பந்து போன்ற ஒரு பையைப் பொருத்தினார்கள். பையை அமத்தினால் எனக்கு ஒரு மூச்சு. விட்டால் அது வெளியே. பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் இதற்கு இயந்திரம் உண்டாம். எங்களிடம் மச்சான் இருந்தார்.

அவருக்கு அதைப் பழக்கியவர் தாதி, மிஸ்ஸி புஸ்பராணி. மூன்றரை நாளும் அவர் எனக்கு ஒரு குரல் மட்டுமே. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கூசியது. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து நெடுங்கேணிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பேச்சு. அந்தப் பேச்சை நான் வாசிகசாலை ஆண்டுவிழாக்களில் பேசிக் காட்டிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இப்போது அந்தப் பேச்சு என் தலைமாட்டில் நின்று என் உயிரை எப்படி அமத்துவது என்று பாடம் நடத்தியது.

"எண்ண வேணாங்க. எண்ணினா மறந்துடுவீங்க. நீங்க மூச்ச இழுக்கிறப்ப அமத்துங்க, விடுறப்ப விடுங்க. ஒங்க மூச்ச நீங்க மறக்க மாட்டீங்கல்ல?"

மச்சான் சுருட்டுக்காரர், இழுப்பு உள்ளவர். அவருக்கு இழுத்தபோதெல்லாம் எனக்கும் இழுத்தது. பதினொரு வருடம் கதைக்காத இரண்டு பேர் ஒரே மூச்சை விட்டுக்கொண்டு இருந்தோம். சரோ மாறி அமத்தும்போது மூச்சு சன்னமாக வரும், நடுவில் விம்மல் வந்தால் எனக்கு ஒரு மூச்சு கூடக் கிடைக்கும்.

"இவருக்கு எல்லாம் கேக்கும். இங்க நின்னு சாகப்போறார்னு யாரும் கதைக்கக் கூடாது" என்று மிஸ்ஸி சட்டம் போட்டார். அவர் அப்பால் போன நேரத்தில்தான் நான் முன்னே சொன்ன புகழுரைகள் நடந்தன.

எதைச் செய்தாலும் சொல்லிவிட்டே செய்தார். "ஐயா, நான் புஸ்பராணி. இப்ப வலப்பக்கம் திருப்பப் போறோம், முதுகு புண்ணாகாம இருக்க." "ஐயா, சளி இழுக்கப் போறேன். உயிர் போற மாதிரி இருக்கும், போகாது." இமைக்க முடியாத கண் காய்ந்து போகாமல் ஈரத் துணி வைத்தார். வாயைத் துடைத்தார், மலத்தைத் துடைத்தார், கால்விரல்களின் இடுக்கைக்கூடத் துடைத்தார். பிணம் போல் கிடந்தவனிடம் ஒவ்வொரு முறையும் தன் பெயரைச் சொல்லி அனுமதி கேட்டார். என் கந்தோருக்கு வந்தவர்களை நான் நிமிர்ந்து பார்த்ததுகூடக் குறைவு.

இரண்டாம் நாள் அந்தப் பை கிழிந்தது. 'உஸ்' என்று ஒரு சத்தம். மச்சான் அமத்துகிறார், எனக்கு மூச்சு வரவில்லை. "மிஸ்ஸி!" என்று அவர் போட்ட கூச்சலுக்கு ஓடி வந்தவர், பையைக் கழற்றிவிட்டுக் குழாயில் தன் வாயை வைத்து ஊதினார். ஆஸ்பத்திரியில் இருந்தது அந்த ஒரே பை. ஊதுவதற்கு இடையில் ஆளை அனுப்பினார்: "சந்திக்குப் போய் சைக்கிள்கடைக்காரரக் கூட்டியாங்க!"

சந்தியில் பாலைமரத்துக்குக் கீழே சைக்கிள் திருத்துகிற நவத்தை எல்லோருக்கும் தெரியும். அவன் வந்ததை நான் முதலில் மூக்கால் அறிந்தேன். ஒட்டுப் போடுகிற சொலூசன் மணம். அரத்தால் றப்பரை உரசும் சத்தம் கேட்டது. உரசிக்கொண்டே கதைத்தான்.

"மாஸ்டர், இனி உங்களுக்கு ஒட்டுப் போட்ட மூச்சுத்தான். ஆறு மாசத்துக்கு நான் பொறுப்பு. கல்றோட்டிலை மட்டும் ஓடாதேங்கோ."

அழுதுகொண்டிருந்த சரோ சிரித்துவிட்டா.

"மிஸ்ஸி, ஒரு விளிம்பாலை கொஞ்சம் காத்துப் போகுது. அமத்தேக்கை பெருவிரலை இதிலை வைச்சுப் பிடிச்சால் சரி." பிறகு என் காதருகில் குனிந்தான். "மாஸ்டர், ஊரெல்லாரையும் போலைக் கதைச்சுக் காட்டுறியள், என்னைப் போலை மட்டும் ஒருநாளும் இல்லை. நான் என்ன அவ்வளவு கழிச்சுவிட்ட சாமானோ? எழும்பி வந்து ஒருக்காச் செய்து காட்டோணும், சொல்லிப்போட்டன்."

மூன்றாம் நாள் காலை பையைச் சற்று நேரம் கழற்றிப் பார்த்தார்கள். என் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. ஓட்டை விழுந்த ஓலைப் பட்டையால் ஆழக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது போல. ஒவ்வொரு முறையும் பட்டை மேலே வரும்போது இருந்தது ஒரு சிரங்கைத் தண்ணீர்தான். கால் மணித்தியாலம் அள்ளினேன். அது போன்ற பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அறியேன். ஷெல்லுக்குப் பயந்திருக்கிறேன், அது வெளியிலிருந்து வருவது. இது உள்ளே இருந்தே, 'அடுத்ததை நீ அள்ளாவிட்டால் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பையைத் திரும்பப் பொருத்தியபோது மச்சானின் சுருட்டு மூச்சு எனக்கு அமுதமாக இருந்தது.

அதே காலையில் இன்னொன்றும் நடந்தது. என் வலது காலின் பெருவிரல் அசைந்தது. ஒருவருக்கும் காட்டவில்லை. பின்னேரம் சரோ சோறு சமைத்துவிட்டுத் திரும்பி வந்து என் காலடியில் இருந்து அழும்போது, சரியான கட்டத்தில் திடீரென்று ஆட்டிக் காட்டுவது என்று திட்டம். கூத்தாடிக்குச் சாகக் கிடந்தாலும் அரங்கேற்றத்தில்தான் எண்ணம்.

மத்தியானம் கழிந்து ஷெல் வெடிக்கும் சத்தம் கேட்டது. கிட்டத்தான். சற்றைக்குள் உழவு இயந்திரங்கள் வந்தன. ஓட்டம், அலறல், "தண்ணி", "பிடியுங்கோ", "சந்தியிலை விழுந்திட்டுது". என் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் யாரையோ கிடத்தினார்கள். இரத்த வாடை வந்தது. அதற்குள்ளால் சொலூசன் மணமும் வந்தது.

"நவம் அண்ணையெல்லோ!" என்றது ஒரு குரல்.

தலையில் காயம். டொக்டர் சத்திரசிகிச்சை அறையில் வேறொருவரின் வயிற்றைத் திறந்தபடி நின்றார், வர முடியாது. நவத்தின் மூச்சு எனக்குக் கேட்டது. ஒரு நீண்ட குறட்டை, பிறகு ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு குறட்டை. இடைவெளி நீண்டுகொண்டு போனது.

மிஸ்ஸி என் கட்டிலுக்கு வந்தார்.

"ஐயா, நான் புஸ்பராணி." அவசரத்திலும் அதைச் சொன்னார். "பக்கத்துல ஒருத்தருக்கு மூச்சு நிக்கப் போகுது. இருக்கிறது இந்த ஒரு பை. காலையில நீங்க கால் மணித்தியாலம் சொந்தமா விட்டீங்க. டொக்டர் வர்ற மட்டும் இதைக் கழட்டி அவருக்குப் போடவா? ஏலும்னா பெருவிரல ஆட்டுங்க. ஏலாட்டி சும்மா இருங்க."

நான் சும்மா இருந்தேன்.

விரல் என் விரல்தான். கடிதம் எழுதினால் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை. கிணற்றையும் ஓட்டைப் பட்டையையும் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

"ஐயா, கேக்குதுங்களா? பெருவிரல்."

மச்சான் குனிந்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் வார்த்தை: "மச்சான், ஏலுமெண்டால் ஆட்டடாப்பா."

பக்கத்தில் ஒரு குறட்டை. பிறகு ஒன்றுமில்லை.

"சரி, நீங்க அமத்துங்க" என்று மச்சானிடம் சொல்லிவிட்டு மிஸ்ஸி போனார். நவத்துக்கு வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்கினார். அவர் ஊதுவதும், இடையில் தனக்காக ஒரு மூச்சை வாரிக்கொள்வதும் கேட்டது. நடுநடுவே, "நவம் அண்ணே, நான் புஸ்பராணி, இன்னும் கொஞ்சம், டொக்டர் வந்துடுவாரு." எவ்வளவு நேரம் என்று தெரியாது. மச்சானின் மூச்சுகளை எண்ணினேன். முந்நூறுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. எண்ணினால் மறந்துவிடும் என்று மிஸ்ஸி முன்பே சொல்லியிருந்தார்.

பிறகு ஊதுவது நின்றது. "வீட்டுக்கு ஆள் அனுப்புங்க" என்றார் யாரிடமோ. வாளியில் தண்ணீர் அள்ளி வாய் கொப்பளித்துத் துப்பினார். என்னிடம் வந்தார்.

"ஐயா, நான் புஸ்பராணி. கண்ணுத் துணிய மாத்தப் போறேன்." குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

துணியை எடுத்ததும் மச்சான் சொன்னார், "கண்ணாலை தண்ணி வருது மிஸ்ஸி."

"கண்ணு ஈரமாகுதா? நல்லது. தேறிக்கிட்டு வாறார்" என்றார் அவர்.

அன்று மாலை சரோ வந்து என் காலடியில் இருந்து அழுதா. நான் விரலை ஆட்டவில்லை.

அடுத்த நாள் குழாயை எடுத்தார்கள். என் முதல் பகிடிக்காக ஒரு கூட்டமே நின்றது. "தண்ணி" என்றேன், கரகரத்த குரலில். சிரித்தார்கள். யாரோ ஒருவரைப் போல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு கிடந்த நாட்களில் எனக்குள்ளே ஒரு வழக்கு நடந்தது. சட்டத்தரணியும் நானே. பெருவிரல் என்றால் கைக்கும் உண்டு, காலுக்கும் உண்டு. மிஸ்ஸி எந்தப் பெருவிரல் என்று குறித்துச் சொல்லவில்லை. என் கையின் பெருவிரல் அன்று அசையக் கூடியதாக இருக்கவில்லை. ஆகவே, கனம் நீதிபதி அவர்களே... தமிழில் இவ்வளவு வாசித்ததற்கு இதுதான் பயன். நீதிபதியும் நானாக இருந்தபடியால் வழக்கு வெல்லும் நிலையில் இருந்தது. ஆனாலும் நித்திரை வரவில்லை.

வீட்டுக்கு விடும் நாளில்தான் மிஸ்ஸியை நின்று பார்த்தேன். சின்ன உருவம். தலை பாதி நரைத்திருந்தது. கால்களில் இரண்டு நிறச் செருப்பு. வெளி விறாந்தையில் துணிகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் லான்ட்மாஸ்டரை எடுக்கப் போன நேரம்.

"மிஸ்ஸி, நவம் வந்த அண்டைக்கு என்ரை கால் பெருவிரல் ஆடக்கூடியதாத்தான் இருந்தது. நான்தான் ஆட்டேல்லை."

அவர் துணியை உதறிப் போட்டார். "தெரியும். காலையில காலைத் தொடைக்கிறப்பவே அது என் கையில முட்டிச்சு."

"அப்ப ஏன் பையைக் கழட்டேல்லை?"

"ஒங்க மூச்சுங்க. ஒங்களக் கேக்காம எப்படி எடுக்கிறது?"

இன்னொரு துணியை எடுத்தார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "கழட்டியிருந்தால் நவம் இருந்திருப்பானோ?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தலையில் பட்ட காயம், எப்படியும் தப்பியிருக்க மாட்டான் என்று. யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம்.

"தெரியாதுங்க" என்றார். கொடியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டு இருந்தது. "தெரியாதத தெரியும்னு சொல்லி ஒங்கள அனுப்ப ஏலாது. அவரைத் தொடைச்சு விடுறப்ப நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டேன்."

நவத்தின் குரல் எனக்கு அச்சொட்டாக வரும். அந்த உரசலும், சொல்லின் முடிவில் வரும் இழுவையும். தனிமையில் ஒருமுறை வாய்க்குள் செய்து பார்த்திருக்கிறேன். யாருக்கும் காட்டியதில்லை. மனேச்சரையும் விட்டுவிட்டேன். மலைநாட்டுப் பேச்சைப் பேசிக் காட்டுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

விடைபெற உள்ளே போனபோது என் பழைய கட்டிலில் ஒரு வயோதிப மாது கிடந்தா. மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறி மூச்சுத் தளர்ந்தவ. மகள் பையை அமத்திக்கொண்டு இருந்தாள். விடியற்காலையிலிருந்து அவள் ஒருத்திதானாம். அப்போதுதான் அந்தப் பையை முதல்முறை கண்ணால் கண்டேன். கறுத்த பையில் சிவப்பு ரியூப்பில் வெட்டிய ஒட்டு. கிளம்பாமல் இருக்க நவம் நான்கு மூலையையும் வட்டமாக வெட்டியிருந்தான். ஒரு விளிம்பில் காற்று மெல்லச் சீறியது. வெளியே மச்சான் லான்ட்மாஸ்டரை இரைய விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, சும்மாதான நிக்கிறீங்க?" என்றார் பின்னால் வந்த மிஸ்ஸி. "அந்தப் புள்ள ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரட்டும். நீங்க மூச்ச இழுக்கிறப்ப அமத்துங்க. அந்த ஒட்டுல பெருவிரல வைங்க."

எந்தப் பெருவிரல் என்று நான் கேட்கவில்லை. வைத்தேன்.